முகம் கீழே

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்:
"லேப்புன்னா, ரத்தம் எடுக்கற வேலையா?"
இல்லை,
எடுத்தது எங்களிடம் வரும் என்றேன்.
எடுத்த தேன்குழலை ஒருவர்
மெதுவாகத் தட்டில் வைத்தார்.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பல் டாக்டருக்கு மேலே, இரண்டாவது மாடி.
எட்டரைக்குக் கதவைத் திறந்தால்
ஃபார்மலின் முதலில் கண்ணைத்தான் விசாரிக்கும்.
மூன்று மாதத்தில் கண் பழகிவிட்டது.
மூக்கு இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது.

வாளியில் வரும், ஊறுகாய்ப் பாட்டிலில் வரும்.
ஒருமுறை ஹார்லிக்ஸ் பாட்டிலில்,
லேபிளைக்கூடக் கிழிக்காமல்.
பித்தப்பை. குடல்வால். பாதித் தைராய்டு.
சர்க்கரையில் கறுத்த கால்விரல் இரண்டு,
ஒன்றில் மெட்டி போட்ட தடம்.

அளப்பேன். நிறுப்பேன். வெட்டுவேன்.
"சாம்பல் வெள்ளை, ஓரம் ஒழுங்கில்லை,
கத்தி பட்டால் மணல்போல் நறநறக்கிறது"
என்று பதிவு செய்வேன்.
சொந்தக்காரர்கள் யாரைப் பற்றியும்
இவ்வளவு நியாயமாக நான் பேசியதில்லை.

நோயின் பெயரை நான் சொல்வதில்லை.
அது நாலு மணிக்கு வரும் டாக்டர் சபுராவின் வேலை.
அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்து
அந்த இடத்தில் வெட்டிக் கொடுப்பது என் வேலை.
இடம் தப்பினால்
மைக்ரோஸ்கோப் நல்ல செய்தி சொல்லும்.
அதைவிடக் கெட்டது இல்லை.

படிப்புச் செலவுக்கு இரண்டு கோடை
ஆத்தங்குடியில் கல் ஊற்றப் போனேன்.
கண்ணாடிமேல் அச்சு, அச்சுக்குள் சாயம்,
அதன்மேல் மணலும் சிமெண்டும்.
பார்க்கவேண்டிய முகம் கண்ணாடிப் பக்கம், கீழே.
வலப்பக்கம் ஊற்றிய சிவப்பு
தரையில் பதித்தால் இடப்பக்கம் பூக்கும்.
மூன்றாம் நாள் மாற்றி ஊற்றிவிட்டேன்.
நாற்பத்திரண்டு கல். கூலியில் பிடித்தார்கள்.

இங்கேயும் அதே கதைதான்.
அச்சில் துண்டைப் படுக்கவைத்து
உருகிய மெழுகை ஊற்றும்போது
சீவவேண்டிய முகம் கீழே.
இண்டர்வியூவில் இதைச் சொன்னேன்.
டாக்டர் சபுரா சிரிக்கவில்லை.
"திங்கட்கிழமை வந்துடு" என்றார்.

போன புதன்கிழமை ஒரு பாட்டில்.
அழகுநாச்சி, வயது 52, கண்டனூர்.
பாட்டிலில்: இடது மார்பு.
தாளில்: வலது மார்பு.

எலுமிச்சையளவு சதை, மேலே கொஞ்சம் தோல்,
தைத்து அனுப்பிய இரண்டு நூல்.
குட்டை நூல் மேல்பக்கம். நெட்டை நூல் வெளிப்பக்கம்.
தோல் என்னைப் பார்க்க,
குட்டை நூலை உச்சியில் நிறுத்தினேன்.
நெட்டை நூல் என் இடக்கைப் பக்கம் சாய்ந்தது.
என் இடம். எதிரில் இருப்பவளுக்கு வலம்.

வலது என்று எனக்குத் தெரியும்.
தெரிந்ததை எழுத எனக்கு உரிமையில்லை.

கத்தியை வைத்துவிட்டு போன் போட்டேன்.
"டாக்டர் அடுத்த கேஸ்ல நிக்கறார்" என்றார் தியேட்டர் சிஸ்டர் ரெஜினா.
காத்திருக்கிறேன் என்றேன்.
"ஒரு வார்த்தைக்கா இவ்வளவு?"
காத்திருக்கிறேன் என்றேன்.
ஐம்பது நிமிடம்.
கீழே யாருடைய கடைவாயிலோ ட்ரில் ஓடிக்கொண்டிருந்தது.

சர்ஜனே படியேறி வந்தார், தியேட்டர் செருப்போடு.
திருப்பிப் பார்த்தார்.
'இடது' என்பதை அடித்து 'வலது' என்று எழுதி
கையெழுத்தும் நேரமும் போட்டார்.
சிஸ்டர்மேல் கோபப்பட்டாரா என்று
நான் விசாரிக்கவில்லை.

அதன் பிறகுதான் மை.
மேல் ஓரத்துக்கு நீலம், கீழுக்குப் பச்சை,
ஆழத்துக்குக் கறுப்பு.
காய்ந்ததும் வெட்டினேன்.
கட்டிக்கும் கறுப்புக்கும் நடுவே
நாலு மில்லிமீட்டர்.
ஸ்கேலைத் துடைத்து இன்னொரு தடவை வைத்தேன்.
நாலு.

கண்டனூர் பஸ்ஸில் ஒருநாள்
அழகுநாச்சி என் பக்கத்தில் உட்காரலாம்.
கைப்பையில் ரிப்போர்ட் இருக்கும்.
கொட்டை எழுத்தில் டாக்டர் பெயர்,
அதன்மேல் ஊதா சீல்.
சீல் கோணலாக விழுந்திருந்தால் மட்டும்
அடியில் இரண்டு எழுத்து தெரியும்:
பொ.மு.